கம்பி எங்கே போகிறது?

புதுச்சேரியின் மீனவக் குப்பமான குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் வில்லியனூர் ரயில் நிலையம் இருக்கிறது. பிளைவுட் பலகைமேல், ஒன்றுக்கு எண்பத்தேழு என்ற அளவில், நான் சிறுவனாய்ப் பார்த்த மீட்டர் கேஜ் காலத்து வில்லியனூர். மாடல் ரயில் செய்கிறவர்கள் இந்த அளவை ஹெச்.ஓ. என்பார்கள். நிஜத்தில் 87 மீட்டர், பலகையில் ஒரு மீட்டர். மீட்டர் கேஜ் தண்டவாளம் இதில் 12 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுருங்கிவிடும்.

விழுப்புரத்தில் பிரிந்து வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு வரும் இந்தக் கிளைப்பாதை 1879-ல் திறந்தது. முடிகிற இடம் பிரெஞ்சுக்காரர் மண். வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. நூற்றிருபது வருஷத்துக்கு மேல் மீட்டர் கேஜாகவே இருந்துவிட்டு, 2000-க்குப் பிறகு அகலப்பாதையானது. பின்னால் மின்சார ரயிலும் வந்தது. இன்று அந்தத் தண்டவாளத்துக்கு மேலே 25,000 வோல்ட் ஓடுகிறது. நான் மாடியில் காப்பாற்றி வைக்க விரும்பியது அதற்கு முந்தைய வில்லியனூரை.

தண்டவாளம் போட்டு, நிலையக் கட்டடம் வைத்து, புளியமரம் நட்டு, வேலி கட்டி முடித்த பிறகு, கடைசி வேலையாகக் கம்பங்களுக்கு வந்தேன். எல்லா வேலையிலும் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

கம்பியின் மேல் எனக்கிருந்த பிரியம் சின்ன வயசிலேயே தொடங்கியது. அம்மாவோடு விழுப்புரம் போகும்போது ஜன்னல் ஓரம் கிடைத்தால் நான் வயலைப் பார்த்ததில்லை, தந்திக் கம்பியைத்தான் பார்ப்பேன். வண்டி வேகம் எடுத்ததும் கம்பி மெல்லத் தாழும், பிறகு ஏறும், கம்பம் வந்ததும் வெடுக்கென்று ஒரு குதி குதித்து மறுபடி தாழும். சங்கராபரணி ஆற்றைத் தாண்டும்போது கூட அந்தத் தாளம் நிற்காது. கம்பி அசைவதில்லை, அசைவது நாம்தான் என்று தெரிந்த பிறகும் அந்த ஏற்ற இறக்கம் அலுக்கவில்லை. இரண்டு கம்பங்களுக்கு நடுவில் கம்பி தொய்ந்து தொங்குவதால் மட்டுமே கிடைக்கும் காட்சி அது. இழுத்துக் கட்டிய நேர்கோடாக இருந்தால் பார்ப்பதற்கு ஒன்றுமே இருந்திருக்காது.

என் பெரியப்பா தபால் தந்தித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பலகை முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கம்பம் நடப்போகிறேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நடுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுடா. இந்தக் கம்பி எங்கேருந்து வருது, எங்கே போவுது?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் முழுக்க அவர் பேசினார். ரயில் பாதை ஓரமாகப் போன கம்பிகளில் பெரும்பாலானவை ரயில்வேக்குச் சொந்தமில்லை. கம்பமும் கம்பியும் தபால் தந்தித் துறையுடையவை, பராமரிப்பும் அவர்களே. ரயில்வே தன் உபயோகத்துக்கு வேண்டியதை வாடகைக்கு எடுத்துக்கொண்டது. ஆக ஒரே கம்பத்தில் ஊர் ஜனங்களின் தந்தி போகும் கம்பியும் இருக்கும், ரயில்வேயின் கன்ட்ரோல் போன் கம்பியும் இருக்கும், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பேசும் பிளாக் கம்பியும் இருக்கும். ஊர்த் தந்திக் கம்பி ஸ்டேஷனில் இறங்காமல் தன்பாட்டுக்குக் கடந்துபோய்விடும். பிளாக் கம்பியும் கன்ட்ரோல் கம்பியும் இறங்கி ஸ்டேஷன் மாஸ்டர் அறைச் சுவரில் பீங்கான் குழாய் வழியே உள்ளே நுழையும்.

உள்ளே நுழைந்து என்ன செய்யும்? அதுதான் முக்கியம் என்றார் பெரியப்பா. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வரக்கூடாது. அதற்காக அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் இரும்புப் பெட்டி போன்ற நீல்ஸ் டோக்கன் கருவி இருக்கும். வில்லியனூர் மாஸ்டர் மணியடித்துக் கேட்க, அடுத்த நிலையத்து மாஸ்டர் சம்மதித்தால்தான் இங்கே டோக்கனான ஒரு குண்டு வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்பப் போகிறவரை இரண்டு பக்கமும் இன்னொன்று வராது. அந்தக் குண்டைப் பையில் போட்டு வளையத்தில் மாட்டி டிரைவரிடம் நீட்டுவார்கள். குண்டு கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை நகர்த்த மாட்டார். இரண்டு கருவிகளையும் பிணைத்திருப்பது வெளியே தொங்கும் அந்தக் கம்பிதான். வண்டி நிறைய ஜனங்களை அது காத்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு கம்பி எனக்கு அலங்காரமாகத் தெரியவில்லை. பலகையில் நான் வைத்த ஒவ்வொரு கம்பிக்கும் புறப்படும் இடமும் போய்ச் சேரும் இடமும் உண்டு. குறுக்குச் சட்டங்களில் எட்டுக் கம்பி. அதில் நிலையத்துக்கு இறங்குபவை சில, கடந்து போகிறவை சில. இறங்கும் இடத்தில் இருக்கும் கம்பத்துக்கு இரட்டைச் சட்டம், பின்பக்கம் இழுத்துக் கட்ட ஒரு ஸ்டே கம்பி. பாதையோரக் கம்பங்களில் எண்ணும் எழுதினேன். அந்தக் காலத்தில் மாடு அடிபட்டாலும் சரி, தண்டவாளத்தில் விரிசல் கண்டாலும் சரி, இடத்தைச் சொல்வது கிலோமீட்டர் எண்ணோடு தந்திக் கம்பத்து எண்ணையும் சேர்த்துத்தான். இன்று மின்சார ரயில் பாதையில் அந்த வேலையை மேற்கம்பிக் கம்பங்களின் எண் செய்கிறது.

கம்பம் எதில் செய்வது? வெளிநாட்டுப் பெட்டிகளில் கிடைப்பது மரக் கம்பம். மரத்தைக் கறையான் விட்டுவைக்காத நம் ஊரில் தந்திக்கு இரும்புக் குழாய்க் கம்பம்தான் நிலைத்தது. அடியில் பருத்து மேலே போகப்போக மெலியும், அலுமினிய வர்ணம் பூசியிருக்கும். எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே அதற்குப் பொருள் இருந்தது. தென்னை ஈர்க்கு இயற்கையிலேயே அடிபருத்து நுனிமெலிந்தது. நல்ல முற்றிய ஈர்க்காகப் பொறுக்கி, வெயிலில் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, அடிப்பூச்சு கொடுத்து, அலுமினிய வர்ணம் அடித்தேன். நிலத்துக்கு மேல் ஏழு மீட்டர் கம்பம், பலகையில் எட்டு சென்டிமீட்டர். அடியில் சிமென்ட் கட்டு, அதற்குச் சற்று மேலே துருவின் செம்பழுப்பு. இரும்புக் கம்பம் எப்போதும் மண்ணைத் தொடும் இடத்தில்தான் முதலில் அரிக்கும்.

கம்பியைத் தாங்கும் பீங்கானுக்கு வெள்ளைப் பாசிமணி. கடையில் கிடைக்கும் மிகச் சிறிய மணி ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். 87-ஆல் பெருக்கினால் பதின்மூன்று சென்டிமீட்டர். உயரழுத்தக் கம்பியைத் தாங்கும் பின் இன்சுலேட்டர் ஏறக்குறைய அந்த உயரம்தான். குண்டூசியை வெட்டிச் சட்டத்தில் செருகி, அதன் தலையில் மணியை ஒட்டினால் போதும். தந்திக் கம்பத்துக்கு அதைவிடச் சிறியது வேண்டும் என்பதால் மணியை உப்புத்தாளில் உருட்டிக் குறைத்துக்கொண்டேன்.

கம்பிதான் கஷ்டமான பகுதி. முதலில் கைக்கு வந்தது தையல் நூல். 0.2 மில்லிமீட்டர் நூல், நிஜ அளவில் ஒன்றேமுக்கால் சென்டிமீட்டர் கயிறாகிவிடும். போதாக்குறைக்கு நூலின் பிசிறு வெளிச்சத்தில் தெரியும். தேன்மெழுகு தடவினால் பிசிறு அடங்கும், பருமன் அடங்காது. குருசுக்குப்பத்தில் பிறந்தவனுக்கு அடுத்து நினைவு வரக்கூடியது தங்கூசி என்கிற நைலான் நரம்பு. பக்கத்து வீட்டு மாமா திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். எதற்கு என்று சொல்லி மெல்லிசான தங்கூசி கேட்டேன். மாடிக்கே வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "தங்கூசி சுருளும் தம்பி, தொங்காது. தொங்கணும்னா கனம் வேணும். வலைக்கு ஈயமணி கட்டுறோமே, எதுக்கு? உன் கம்பிக்குக் கனம் குடுக்க முடியாது. வளைவ நீயேதான் செஞ்சு வெக்கணும்" என்றார்.

கடலில் கயிற்றோடு வாழ்கிற மனிதர் ஒரு பார்வையில் கண்டதைக் காகிதத்தில் கணக்குப் போட்டால் இப்படி வரும். நீளம் 87-ல் ஒரு பங்கானால், எடை 87-ஐ மூன்று முறை பெருக்கிய அளவுக்குக் குறைகிறது. அதாவது ஆறரை லட்சத்தில் ஒரு பங்கு. ஆனால் நூலின் விறைப்பு அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டுக் குறைவதில்லை. ஆகவே சிற்றுருவில் எந்தக் கம்பியும் தன் எடையால் அழகாகத் தொய்யாது. வெளிநாட்டில் இதற்கென்றே விற்கும், ரப்பர்போல் நீளும் நூலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: கை பட்டாலும் அறுந்துபோகாது. ஆனால் அது எப்போதும் விறைத்த நேர்கோடாகவே நிற்கும். என் ஜன்னலோரத் தாளம் அதில் கிடைக்காது.

விடை கிடைத்தது மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில். எஸ்.டபிள்யூ.ஜி. 45 எண் செம்புக் கம்பி, பருமன் 0.071 மில்லிமீட்டர், தலைமயிர் அளவு. நான்கு மில்லிமீட்டர் தந்திக் கம்பியைச் சுருக்கினால் 0.046 வர வேண்டும். அதைவிடக் கொஞ்சம் தடிமன், ஆனால் கண் ஏற்றுக்கொள்கிறது. மேலே எனாமல் பூச்சு இருப்பதால் எங்கள் கடற்காற்றில் களிம்பு ஏறுவதில்லை. ஒரு முனையை ஆணியில் சுற்றி, மறுமுனையைக் குறடால் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். ஒரு கட்டத்தில் கம்பி விட்டுக்கொடுத்து இம்மியளவு நீளும். கையில் அது தெரியும். அதோடு சுருளெல்லாம் போய்விடும். பிறகு வளைவாக வெட்டிய அட்டையின் விளிம்பில் வைத்து விரலால் நீவினால் அந்த வளைவைப் பிடித்துக்கொள்ளும். ஒரே சட்டத்தில் இருக்கும் எல்லாக் கம்பிக்கும் ஒரே அட்டை. வளைவுகள் ஒன்றுக்கொன்று மாறினால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

எவ்வளவு வளைவு? இரண்டு கம்பத்துக்கு நடுவே 50 மீட்டர் என்றால் பலகையில் 57 சென்டிமீட்டர். அவ்வளவு இடம் என் மாடியறையில் இல்லை. பாதியாக்கி 28-ல் நட்டேன். தூரம் பாதியானால் தொய்வு கால் பங்காகும் என்பது கம்பியின் விதி. நடுவில் 60 சென்டிமீட்டர் தொய்கிற கம்பி முழுத் தூரத்தில் ஏழு மில்லிமீட்டர் காட்டும். பாதித் தூரத்தில் இரண்டுக்கும் குறைவு. பலகையை நாம் மேலிருந்து பார்ப்பதால் அதுவும் குறைந்தே தெரிகிறது. மூன்று மில்லிமீட்டர் வைத்தேன். பெரியப்பா குனிந்து, கம்பத்தின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய் வரிசை பிடித்துப் பார்த்தார். "சரியா இருக்கு. நல்ல வெயில் நாள் கம்பி" என்றார். சூட்டில் கம்பி நீண்டு தாழும், குளிரில் இறுகும். கட்டும்போதே அன்றைய வெயிலைப் பார்த்துத் தொய்வு விடுவார்களாம்.

மின்சாரக் கம்பிக்கு வேறு இலக்கணம். நிலையத்தை ஒட்டிய தெருவுக்குப் பழைய பாணியில் தண்டவாளக் கம்பம் வைத்தேன். கழித்துக்கட்டிய தண்டவாளத்தை நிறுத்தி மின்கம்பமாக்குவது அந்நாளில் சகஜம். மாடல் தண்டவாளத்தில் வெட்டி மிஞ்சிய துண்டே எனக்குக் கம்பமானது. ஒன்பது மீட்டர் கம்பத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும். மேலே நிற்பது ஏழரை மீட்டர், பலகையில் 86 மில்லிமீட்டர். அந்தக் காலத்தில் நடப்பிலிருந்த 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகளின்படி, தெருவைக் குறுக்கே தாண்டும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டருக்குக் கீழே இறங்கக்கூடாது. 11,000 வோல்ட் கம்பிக்கு 6.1 மீட்டர். பலகையில் முறையே 67, 70 மில்லிமீட்டர். அந்த உயரத்துக்கு ஒரு அட்டையை வெட்டி வைத்துக்கொண்டு, தெருவில் ஓட்டிப் பார்த்துத்தான் கம்பி ஒட்டினேன்.

11,000 வோல்ட் கம்பி தந்திக் கம்பிக்கு மேலே தாண்டும் இடத்தில், அதற்கடியில் தொட்டில் மாதிரி ஒரு காப்புக் கம்பி வலை கட்டுவார்கள். மேலே கம்பி அறுந்தால் கீழே இருக்கும் தந்திக் கம்பியில் விழாமல் தாங்கிக்கொள்ளும். விழுந்தால் ஸ்டேஷன் மாஸ்டர் கையில் இருக்கும் போனுக்கே மின்சாரம் வந்துவிடும். பலகையில் அது ஒரு தீப்பெட்டி அகல வேலை. செய்ய நிறையப் பொறுமை வேண்டியிருந்தது. பார்க்கிறவர்களில் பலர் அது என்ன என்று கேட்கிறார்கள். சொல்வதில் எனக்குச் சந்தோஷம். கம்பத்தில் ஆள் ஏறாமலிருக்கச் சுற்றிய முள்கம்பி, இரட்டைக் கம்பத்து டிரான்ஸ்பார்மர், மின்சாரத்தைத் துண்டிக்கும் அதன் ஏபி சுவிட்சை இழுக்கும் கைப்பிடி, மண்டையோட்டுப் பலகை எல்லாம் அதே தெருவில் இருக்கின்றன.

பலகையின் கிழக்கு மூலையில் எங்கள் தெருவையும் கொஞ்சம் செய்திருக்கிறேன். தூரக் கணக்கில் பொருந்தாது. ஆனாலும் என் ஊர் இல்லாத பலகை எனக்கு வேண்டாம். இங்கே பீங்கான்களை வெள்ளையாக விடவில்லை, சாம்பல் வர்ணம் பூசினேன், கடல் பார்த்த பக்கம் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக. குருசுக்குப்பத்தில் உப்பு பீங்கானில் படிந்து, பனி இறங்கும் மார்கழி இரவுகளில் அது ஈரமாகி, கம்பத்து உச்சியில் உஸ்ஸென்று சத்தம் கேட்கும்; சில நேரம் நீலமாய்ப் பொறி தெரியும். கம்பத்தின் துருவும் கிழக்குப் பக்கம்தான் கூட. கம்பத்தைப் பார்த்தே கடல் எந்தத் திசை என்று சொல்லிவிடலாம்.

ஸ்டே கம்பியின் அருமையைத் தெரிந்துகொண்டது தானே புயலில். 2011 டிசம்பர் 30 அதிகாலை புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே அது கரையேறியது. விடிந்து வெளியே வந்தால் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. மரம் விழுந்து ஒரு கம்பத்தைச் சாய்க்க, அதன் கம்பி அடுத்த கம்பத்தை இழுக்க, அது அதற்கடுத்ததை இழுத்திருந்தது. நேர்கோட்டில் நிற்கும் கம்பத்தை இரண்டு பக்கமும் கம்பி சமமாக இழுக்கும்; ஒரு பக்கம் அறுந்த நொடியில் அந்தச் சமநிலை போய்விடும். முனைக் கம்பத்துக்கும் திருப்பத்துக் கம்பத்துக்கும் எப்போதுமே ஒரு பக்க இழுப்புதான். அதனால்தான் அங்கே ஸ்டே. அதன் நடுவில் முட்டை வடிவப் பீங்கான், தரையில் போகிறவர் தொட்டால் ஷாக் அடிக்காமல் இருக்க. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் லைன்மேன்கள் இடுப்பில் கயிறு கட்டி ஏறியதைத் தெருவே நின்று பார்த்தது. பெண்கள் மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். என் பலகையில் திருப்பம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஸ்டே உண்டு. ஒரு கம்பத்தின் மேல் லைன்மேன் ஒருவரும் இருக்கிறார், இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில், இடுப்புக் கயிறோடு.

பறவைகள் இல்லாமல் கம்பி முழுமையாகாது. இந்தப் பாதையில் நான் அதிகம் பார்த்தவை கரிச்சானும் பனங்காடையும் பஞ்சுருட்டானும். கரிச்சான் வாலோடு சேர்த்து முப்பது சென்டிமீட்டர். பலகையில் மூன்றரை மில்லிமீட்டர். வால் பிளவு தெரிய வேண்டும், தெரிந்தால்தான் அது கரிச்சான். தந்திக் கம்பியில் தூரம் விட்டுத் தனித்தனியாக உட்காரவைத்தேன். கரிச்சான் கூட்டமாக உட்காராது, தனக்கென்று ஒரு கம்பத்து எல்லையை வைத்துக்கொள்ளும்.

புணேயில் கோத்ருடு பகுதியில் பி.எஸ். ஜோஷி 1998-ல் திறந்த சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு நகரத்தையே ரயில்களோடு ஓடவிட்டிருக்கிறார்கள். ஒரு மனிதரின் ஆசை எவ்வளவு பெரிதாக வளரலாம் என்பதற்கு அது அத்தாட்சி. நான் ஆசைப்படுவது அதைவிடச் சின்ன விஷயம்: நம் பக்கத்துக் கிளைப்பாதைகள் ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர், அந்தந்த ஊர்க் கம்பத்தோடும் கம்பியோடும் செய்து வைக்க வேண்டும். எஞ்சின் படமும் பெட்டிப் படமும் நிறையப் பேரிடம் இருக்கும். கம்பத்தைப் படம் எடுத்து வைத்தவர் அபூர்வம். 2013 ஜூலை நடுவில் நாட்டில் தந்திச் சேவை நின்றபோது கடைசித் தந்தி கொடுக்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். பாதையோரக் கம்பிகள் அதற்கு முன்னாலேயே பல இடங்களில் சத்தமில்லாமல் இறங்கிவிட்டிருந்தன. அவை இருந்த விதத்தைச் சொல்ல இப்போது மிஞ்சியிருப்பவர்கள் என் பெரியப்பா வயதுக்காரர்கள். அவர்களை உட்காரவைத்துக் கேட்க வேண்டிய நேரம் இதுதான்.

மாடியறைக்கு வரும் பிள்ளைகள் எஞ்சின் என்ன விலை என்று கேட்பார்கள். விலை அதிகம்தான், சொல்லிவிடுவேன். கூடவே, கம்பத்தில் தொடங்குங்கள் என்பேன். தென்னை ஈர்க்கும் பாசிமணியும் காயில் கடைக்காரர் கழித்துப் போடும் கம்பியும் எந்த ஊரிலும் கிடைக்கும். உங்கள் வீட்டு மீட்டரிலிருந்து புறப்பட்டு, சர்வீஸ் ஒயர் ஏறும் கம்பம், அதற்கடுத்த கம்பம், ஸ்டே இருக்கும் திருப்பம், டிரான்ஸ்பார்மர் என்று நடந்துபோய்ப் பார்த்து, ஒவ்வொன்றையும் வரைந்துகொண்டு வாருங்கள். எதையும் தொடாதீர்கள், அண்ணாந்து பார்த்தால் போதும். அப்படி வரைந்துகொண்டு வந்தவர்களுக்கு முதல் கம்பத்துக்கான ஈர்க்கை நானே தேய்த்துக் கொடுக்கிறேன்.